உங்கள் பெயரில் விழுந்த ஏலம்

அண்ணே,

போன வாரம் நீங்கள் ஏலம் விட்ட கடையிலிருந்து எனக்குப் போன் வந்தது. பேசியது புதிதாகச் சேர்ந்த பெண். உங்கள் பெயரைச் சொல்லி, "அவரு ஒரு நாற்காலி எடுத்திருக்காரு அங்கிள். ஏத்திட்டுப் போக உங்க லோரி எப்ப வரும்?" என்று கேட்டாள். அவர் எப்போது எடுத்தார் என்றேன். "சனிக்கிழமை, ஆன்லைன்ல" என்றாள். உங்களைத் தகனம் செய்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் லோரியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

யாரோ உங்கள் பெயரை வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துத்தான் புந்தோங்கில் உங்கள் வீட்டுக்குப் போனேன். நாற்காலி என்று வாயெடுத்ததுமே அண்ணியின் முகம் மாறியது. உள்ளே போய் உங்கள் கைப்பேசியை எடுத்து வந்தார். அதில் ஏலக்கடையின் செயலி நீங்கள் விட்டுப்போனபடியே உங்கள் பெயரில் திறந்தது. அன்றைக்கும் ஒரு சின்ன ஏலம் நடந்துகொண்டிருந்தது.

"இருங்க தம்பி, இப்பப் பேசுவாரு," என்றார்.

"சாத்து காலி. டுவா காலி."

நீங்கள்தான். மலாயில் இரண்டு தரம் சொல்லி, மூச்சு வாங்கி, மூன்றாவதைத் தமிழில் முடிப்பீர்களே, அதே மாதிரி. "மூணு தரம். இதான் வெல லா, வேற ஒன்னுமில்ல."

கொரோனா காலத்தில் ஆளில்லாத கூடத்தில் நின்று கேமராவைப் பார்த்து ஏலம் விட்டீர்கள் அல்லவா, அந்தப் பதிவிலிருந்து வெட்டி எல்லாப் பொருளுக்கும் போட்டிருக்கிறார்கள். நேரம் முடியும்போது உங்கள் குரல் வரும். யாராவது விலையை ஏற்றினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். சனிக்கிழமைதோறும் கேட்டுக் கேட்டு அண்ணி இதைக் கண்டுபிடித்துவிட்டார். ஆயர் தாவாரில் மூடிய முடிதிருத்தும் கடையின் நாற்காலி ஏலத்துக்கு வந்தபோது, எதிரே யாரோ ஒருவர் விடாமல் ஏற்றிக்கொண்டிருந்தாராம். நீங்கள் "டுவா காலி" என்றதும் அண்ணி விலையை ஏற்றும் பொத்தானை அமுக்குவார். நீங்கள் மறுபடி ஆரம்பிப்பீர்கள்.

"அந்த ஆளு நிறுத்துவான்னு நான் நெனைக்கல தம்பி," என்றார். "நிறுத்திட்டான்."

கைப்பேசியை வாங்கிப் பில்லைப் பார்த்தேன். நாற்காலியின் விலை முந்நூறு வெள்ளி. அதன் கீழே, வாங்குபவர் பிரீமியம் என்று இன்னொரு நாற்பத்தைந்து. ஏலத்தில் முடிந்த விலைக்கு மேல் நூற்றுக்குப் பதினைந்து, வாங்குகிறவர் கடைக்குத் தரவேண்டுமாம். உங்கள் குரலைக் கேட்ட அதிர்ச்சியைவிட இது பெரிதாக இருந்தது. ஏனென்றால் கடை முதலாளி இதை முதன்முதலில் கொண்டுவரப் பார்த்த அன்று நான் அங்கே இருந்தேன். தைப்பிங் பக்கத்துத் தோட்ட பங்களா ஒன்றின் சாமான்களைக் கடையில் இறக்கிக்கொண்டிருந்தோம். நீங்கள் கையிலிருந்த ஏலச் சுத்தியலை மேசையில் வைத்தீர்கள். "நான் ஒரு வெல சொல்லி, கவுண்டர்ல நீங்க இன்னொரு வெல சொன்னா, நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும் பாஸ்." அதற்குச் சில நாள் முன்புதான் ஒரு பெண், கைக்குள் சுருட்டி வைத்திருந்த பணம் முழுவதையும் கொடுத்து ஒரு தையல் இயந்திரத்தை எடுத்திருந்தாள். அதற்கு மேல் கேட்டிருந்தால் வெறுங்கையோடு போயிருப்பாள். அவளைத்தான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். முதலாளியும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். இப்போது "வேற ஒன்னுமில்ல" என்று உங்களையே சொல்லவைத்து, அடியில் சின்ன எழுத்தில் அதைச் சேர்த்திருக்கிறார்.

மறுநாள் அண்ணியை லோரியில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். நடந்ததை முதலாளியிடம் சொன்னோம். "தெரியாம நடந்ததுதான அக்கா. கான்சல் பண்ணிடுறேன், நீங்க ஒன்னும் கட்ட வேணாம்," என்றார்.

அண்ணி முந்நூறு வெள்ளியை மேசைமேல் வைத்தார். "எடுத்தது எடுத்ததுதான். ஆனா அவரு சொன்ன வெலைக்கு மேல நான் தர மாட்டேன். வேற ஒன்னுமில்லன்னு அவரச் சொல்ல வெச்சது நீங்கதான?"

முதலாளி முந்நூறுக்கு மட்டும் ரசீது எழுதினார்.

"பிரீமியம் வாங்குறது உங்க இஷ்டம். இப்ப எல்லாரும்தான் வாங்குறாங்க. அத அவரு வாயால வாங்காதீங்க. அந்தக் குரல எடுத்துடுங்க."

அண்ணி சனிக்கிழமைதோறும் அந்தக் குரலுக்காகவே உட்கார்ந்திருந்தவர். குரலை அப்படியே விடச் சொல்லிக் கெஞ்சுவார் என்றுதான் நினைத்திருந்தேன். முதலாளி அங்கேயே யாருக்கோ போன் போட்டு அதை எடுக்கச் சொன்னார். பிறகு தயங்கி, "அந்தப் பதிவ உங்க போனுக்கு அனுப்பட்டுமா அக்கா?" என்றார்.

"வேணாம்."

திரும்பும் வழியில் எனக்கு மனம் கேட்கவில்லை. "வாங்கி வெச்சிருக்கலாமே அண்ணி," என்றேன்.

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "அது கடைக்குப் பேசுற குரல் தம்பி. வீட்ல அவரு மெதுவாத்தான் பேசுவாரு. அது அவங்ககிட்ட இல்ல."

நீங்கள் மெதுவாகப் பேசி நான் ஒருநாளும் கேட்டதில்லை, அண்ணே. லோரியில் போகும்போதுகூட எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேசியிருக்கிறோம். அந்தக் கத்தல்தான் எனக்கென்று இருப்பது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.