விசைப்பலகைக்கு அடியில் போன கட்டம்

நைரோபி

அன்புள்ள அம்மா,

உங்கள் முழங்கால் இப்போது மடங்குகிறதா? எங்கள் நிறுவனம் வரலாறு காணாத முடிவொன்றை எடுத்திருக்கிறது. கைப்பேசியில் விசைப்பலகை எழும்பும்போது, எழுதும் கட்டமும் இனி அதற்கு மேலே நகர்ந்து நிற்கும். இதற்காகப் பல கூட்டங்கள் நடந்தன. சிலவற்றில் சமோசாவும் உண்டு.

இதுவரை கட்டம் பலகைக்கு அடியில் மறைந்துவிடும். எழுதுவது தெரியாமலே எழுதி அனுப்ப வேண்டும். மார்ச்சிலேயே சொன்னேன். மேலாளர் வாய்ரிமு மேடம், "பலகைய மூடிட்டுப் பாக்கத் தெரியாதவனா நம்ம ஆப்ப வச்சிருக்கான்? போப்பா" என்றார்.

விடுப்பையும் எங்கள் செயலியில்தான் கேட்க வேண்டும். தங்கை அகினியின் பரிசத்துக்காக டிசம்பர் இருபதிலிருந்து கேட்டேன். மாதம் பன்னிரண்டு என்று அடித்ததில் இரண்டு விழவில்லை. ஜனவரிக்கு அனுமதி வந்துவிட்டது.

"மாத்திக் குடுங்க மேடம்."

"டிசம்பர் லீவ உன் பக்கத்து சீட்டு ஒடியெங் எடுத்துட்டான். விடுப்பா, உன் புண்ணியத்துலதான் கட்டத்தையே சரிபண்ணப் போறோம்."

கவலைப்படாதீர்கள், நன்றாக இருக்கிறேன். அறைக்குள் ஓயாமல் நடப்பதாகக் கீழ்வீட்டுக்காரர் கழியால் கூரையை இடிக்கிறார், அவ்வளவுதான். இந்தக் கடிதம் கொண்டுவரும் கிசுமு பேருந்திலேயே கொஞ்சம் ஒமேனா கருவாடு கொடுத்தனுப்புங்கள். மாப்பிள்ளை வீட்டார் பரிசமாகத் தரும் மாடுகளைப் பேச என் இடத்தில் ஒடுல் மாமா உட்காரட்டும். அன்று எனக்குக் கைப்பேசியில் காட்டுகிறவர்கள் மாடுகளையே காட்டாமல் உங்களையும் அகினியையும் காட்டட்டும்.

ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார், முடிக்கிறேன். ஜனவரி இருபதில் வருகிறேன். அகினி அதற்குள் மொம்பாசாவுக்கு, புகுந்த வீட்டுக்குப் போயிருப்பாள்.

உங்கள் மகன்,
ஒச்சோலா