திருக்கை நண்டான கதை

சோளகக் காற்றில் கொழும்புத்துறைக் கடற்சேற்றின் மணம் இன்று அடுப்படி வரை வந்தது. உலையை இறக்கிவிட்டு உங்களோடு கதைக்க உட்கார்ந்திருக்கிறேன். என் படிப்பு உங்களுக்குத் தெரியும், பிழை பார்க்காதீர்கள்.

கோவிலில் ஒருவர் புராணப் பாட்டைப் படிக்க, நீங்கள் அதன் பொருளை விரித்துப் பயன் சொல்வீர்கள். ஒருநாள், அடக்கத்தைப் பற்றிய ஒரு பாட்டுக்கு உவமை தேடிச் சோறு ஆறும்வரை யோசித்தீர்கள். தோட்டத்துக்குப் பசளையாய்ப் போடச் சாதாழைப் பாசி அள்ள என்னைப் பெற்ற அப்பு கடலில் இறங்கும் விதத்தை நான்தான் சொன்னேன். "காலைத் தூக்கி வைச்சால் சேத்துக்குள்ளை கிடக்கிற திருக்கை முள்ளு ஏத்திப்போடும். சேத்தோடை இழுத்து நடந்தால் அது தானே விலகிப் போகும்."

அன்று சபையில் அதைச் சொல்லி, "இது என்ரை மனுசி சொன்னது" என்றீர்கள்.

"பயன் சொல்லுறது ஆர், நீரோ மனுசியோ?" என்று ஒருவர் கேட்க, ஆண்கள் பக்கம் சிரிப்பு.

"இண்டைக்கு அவதான்" என்றீர்கள். நான் தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டேன்.

பிறகு அந்த உவமை ஊர் ஊராய் நடந்தது. உங்கள் அச்சுவேலிக் கூட்டாளி அதைத் தன் கோவிலில் சொன்னார். உங்கள் பெயரை விழுங்கிவிட்டார். கடலில் கால் நனைக்காத மனிதர், திருக்கையை நண்டாக்கியும் விட்டார். நெல்லியடியில் இன்னொருவர் "பெரியோர் சொல்வர்" என்று தொடங்கினார். அங்கும் நண்டு. அது உங்களிடமிருந்து போனதல்ல, அச்சுவேலி வழியாகப் போனது என்று அந்த நண்டே சொல்லிற்று.

"அந்த அச்சுவேலியாரோடை இனிக் கதையாதேங்கோ" என்றேன்.

"நீரும் அப்புவிட்டை எடுத்ததுதானே?" என்று சிரித்தீர்கள்.

"நான் அப்பு எண்டு சொல்லித்தானே தந்தனான்."

சிரிப்பை நிறுத்தி, "ஓம், அது சரி" என்றீர்கள். உங்கள் செத்தவீட்டுக்கு அந்த மனிதர் வந்து அழுதார். நான் முகம் கொடுக்கவில்லை. இன்றும் கொடுப்பதில்லை.

போன கிழமை நெல்லியடியிலிருந்து வந்த ஒரு வாத்தியார், எங்கள் கோவிலில் நீங்கள் இருந்த இடத்திலேயே இருந்து நண்டு என்றார். படிப்பு முடிந்ததும் கிட்டப் போனேன்.

"மாஸ்ரர், அது நண்டில்லை, திருக்கை."

"அப்பிடியோ அம்மா? நாளைக்குத் திருத்திச் சொல்லுறன். ஆர் சொன்னதெண்டு சொல்ல?"

கலியாணம் முடித்த நாளிலிருந்து உங்கள் பெயர் என் வாயில் வந்ததில்லை. 'இஞ்சாருங்கோ' என்றுதான் கூப்பிட்டேன், பிறத்தியாருக்கு 'அவர்'. அன்று சொன்னேன், உங்கள் தகப்பனார் பெயரோடு சேர்த்து.

மறுநாள் சபையில் அந்தப் பெயர் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. நீங்கள் அங்கே இருந்திருந்தால் எழும்பி நின்று, அது ஆர் சொன்னதென்று திருத்தியிருப்பீர்கள். அதை நினைத்துக்கொண்டுதான், காலை இழுத்து இழுத்து, வீட்டுக்கு நடந்து வந்தேன்.