பெயர்கள் ஓடி முடியும் வரை

அன்பு மகளே,

நேற்று உன் படம் பார்த்தோம். ஆமாம், அப்பாவும் வந்தார். எந்தப் படம் என்று கேட்கவில்லை, தெரியாமலா வந்திருப்பார்?

கதாநாயகன் எந்த வேடத்திலும் அவராகவேதான் இருக்கிறார். கதாநாயகி அப்படி அழுதும் கண்மை கலையவில்லை. மருந்துக்கடைப் பெண்ணாக நீ ஒரே காட்சியில் வந்தாய். ஒருவருக்கு மாத்திரையை உறையில் போடும்போதே அடுத்தவரின் சீட்டைப் படித்தாயே, நிஜக் கடையில் அப்படித்தான் செய்வார்கள். சும்மா புகழ்கிறவள் இல்லை நான்.

கூட்டத்தில் சிக்கக் கூடாதென்று எப்போதும் கடைசிக் காட்சியிலேயே எழுந்துவிடுகிற மனிதர், விளக்குப் போட்ட பிறகும் அசையவில்லை. பெருக்க வந்த பெண், "படம் முடிஞ்சிடுச்சு சார், கிளம்புங்க" என்றாள்.

"முடியலம்மா. என் பொண்ணு பேரு இன்னும் வரல."

நீ படிப்பை விட்டு நடிக்கப் போன நாளிலிருந்து 'என் பொண்ணு' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

பெயர் வந்தது. "என் இனிஷியலோட போட்டிருக்கா, பாத்தியா?" என்றார். அந்தப் பெண்ணையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறாராம். நீ வருவதானால், அவர் பக்கத்து இருக்கையை விட்டுத்தருகிறேன்.

உன் அம்மா