தேதிக் கட்டத்தில் பதினான்கு

அன்புள்ள அம்மாவுக்குக் கும்பிட்டு எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஃபோனில் கேட்க நா எழவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் வேலை செய்யும் காபிக் கடைக்குச் சனிக்கிழமைதோறும் கைக்கடிகாரப் பைத்தியங்கள் ஐந்தாறு பேர் வருகிறார்கள். தக்காளிச் செடி, புறா வளர்ப்பு என்று ஊர்க்கதை பேசிக்கொண்டே ஒருவர் கையை ஒருவர் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். போன வாரம் அவர்களில் ஒருவரான பல் டாக்டர் புதுக் கடிகாரத்தோடு வந்தார். புறா வளர்ப்பவர் பார்த்துவிட்டு, "டாக்டர், தேதி நம்பரே கோணலா இருக்கு. டூப்ளிகேட்!" என்றார். டாக்டர் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சிரித்ததில் காபியைக் கொட்டிக்கொண்டேன். சுடவில்லை, பயப்படாதீர்கள்.

அந்தச் சந்தேகப் புத்தி எனக்கும் தொற்றிக்கொண்டது. அப்பாவுக்கு நான் அனுப்பிய கடிகாரமும் டூப்ளிகேட்தான், மன்னியுங்கள். ஆனால் நன்றாக ஓடும். நீங்கள் மாதம் ஒன்றாக அனுப்பிய அப்பாவின் மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றிலும் கையில் அந்தக் கடிகாரம். சட்டை மூன்றும் வேறு. தேதிக் கட்டத்தில் மூன்றிலும் பதினான்கு. மணி பத்து பத்து, பத்து பதினாறு, பத்து இருபத்தொன்று.

ஒரே காலையில் சட்டை மாற்றி மாற்றி எடுத்திருக்கிறீர்கள். ஃபோன் செய்தால் "இப்பதான்பா தூங்குனாரு" என்கிறீர்கள். மூன்று மாதமாகவா தூங்குகிறார்?

இங்கே குளிர். என் பழைய போர்வையை அனுப்புங்கள். முதலாளி கூப்பிடுகிறார். அப்பாவின் முகம்கூட வேண்டாம், அம்மா. கையை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள். கடிகாரத்தில் அன்றைய தேதி தெரிந்தால் போதும்.

உங்கள் மகன்