மதியத்தில் மட்டும் ஓடும் பிராசஸர்

ஜூலை 4, வெள்ளி

கம்ப்யூட்டர் பிறந்து ஐந்து நாள். ஒவ்வொரு பாகமாக வாங்கி நானே பூட்டியது. இன்று ஓவர்க்ளாக் செய்ய உட்கார்ந்தேன். கம்பெனிக்காரன் போதும் என்று நிறுத்திய வேகத்துக்கு மேல் பிராசஸரை விரட்டுவதற்கு அப்படிப் பெயர். இதே பிராசஸரை இணையத்தில் ஆளாளுக்கு ஐந்து புள்ளி இரண்டு கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓட்டுகிறார்கள். என்னுடையது நான்கு புள்ளி ஏழு வரை சமர்த்து. நான்கு புள்ளி எட்டு என்றதும் திரை கறுத்துப்போகிறது. சற்று நேரத்தில், ஒன்றுமே நடக்காத முகத்துடன் தானே எழுந்து வருகிறது.

கரண்ட் போனால் தாங்குவதற்கு வாங்கிய யூ.பி.எஸ். பெட்டிக்கு என் அறையில் இடமில்லை. கூடத்தில் அப்பாவின் மீன்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து, சுவர் ஓட்டை வழியாக வயர் இழுத்தாயிற்று. அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வயர் என்றால் அவருக்கு இன்னும் இருபது வயதுதான்.

ஜூலை 6

ஒரு அனிமேஷன் ஸ்டுடியோ வேலைக்கு வைத்திருக்கும் தேர்வு: ஒரு நிமிடப் படம், 21ஆம் தேதி காலைக்குள். என்னுடையது புயலில் ஒரு கடல். அலைகளைக் கம்ப்யூட்டர் கணக்கிட்டு முடிக்க ஒரு பகல் முழுக்க ஆகும். நடுவில் நின்றால் திரும்ப முதலிலிருந்து.

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டு வந்தபோது அப்பாவும் அம்மாவும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டித் தீர்த்திருப்பேன். கேட்காத கேள்விக்கு என்ன பதில் சொல்வது? கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 9

கல்லூரித் தோழனுக்குப் போன் போட்டேன். எந்த மெஷினைக் கண்டாலும் முதலில் சூடு பார்ப்பதால் அவன் பெயர் ஜுரம்.

"வோல்டேஜ் கொஞ்சம் ஏத்திப் பாரு."

"ஏத்திட்டேன்."

"இறக்கிப் பாரு."

"இறக்கிட்டேன்டா!"

"சூடு?"

"அறுபத்தெட்டுதான்."

"அப்ப உன் சிப்பு சோம்பேறி. சில பேருக்கு அப்படித்தான் வாய்க்கும்."

துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னான்.

ஜூலை 12

அதிசயம். மதியம் ஒரு மணிக்கு ஐந்து புள்ளி ஒன்றில் ஓடியது! கூடத்தில் வெயில் விழுந்த நேரம் முழுக்க ஓடியது. சாயங்காலம் காற்று குளிர்ந்ததும் அதே வேகத்தில் படுத்துவிட்டது. உலகத்துப் பிராசஸர்கள் எல்லாம் குளிர்ச்சியை விரும்ப, என்னுடையது மட்டும் வெயில் காய்கிறது.

காரணம் தெரியாத இடத்தில்தான் மனிதர்கள் தெய்வங்களை வைத்தார்கள் என்று எங்கோ படித்தேன். நான் ஜன்னல் திரையை விலக்கிவைத்துவிட்டு, கிழக்கு பார்த்து உட்கார்ந்து பட்டனை அழுத்துகிறேன். பூசாரியும் நானே, பக்தையும் நானே.

ஜூலை 13

இன்று தெய்வம் இறங்கவில்லை.

ஜூலை 15

மழை பிடித்துக்கொண்டது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை. ஓவர்க்ளாக்கை விடு, கம்பெனி வேகத்திலேயே விழுகிறது. அலை பாதி எழும்பும், திரை கறுக்கும். திரும்ப முதலிலிருந்து. ஏன்? என்னதான் வேணும் உனக்கு? சொல்லித் தொலையேன்!

சத்தமாகவே கேட்டுவிட்டேன் போல. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"யார்கூடடி சண்டை?"

"பிராசஸர்கூட."

"பேசித் தீர்த்துக்கோ. சாப்பாடு ஆறுது."

ஜூலை 17

எல்லாவற்றையும் கழற்றினேன். பிராசஸரின் சூட்டைக் கடத்தும் பசையைத் துடைத்து, புதிதாகத் தடவி, மெமரியை இடம் மாற்றி, திரும்பப் பூட்டினேன். அதே. விற்ற கடைக்காரரிடம் போனேன். "நீங்களே அசெம்பிள் பண்ணீங்களா மேடம்?" என்றார். ஆமாம் என்றேன். "அதான்," என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அவருக்குத் தேவைப்படவில்லை.

நான்தான் தப்பா? இதையுமா ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை?

ஜூலை 18

சிரிப்பா கோபமா தெரியவில்லை.

காலையில் திரை கறுத்தது. வெறுத்துப்போய்த் தண்ணீர் குடிக்கக் கூடத்துக்கு வந்தேன். மீன்தொட்டியில் குமிழி நின்றிருந்தது. அப்பா குனிந்து யூ.பி.எஸ். பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. இது அப்பப்ப நின்னுபோகுது. மீனுக்குக் காத்து வேணுமே, நான்தான் போட்டுவிடுவேன்."

"அப்பப்பன்னா?"

"மழை பிடிச்சதிலேருந்து அடிக்கடி."

பெட்டியின் பின்னால் என்னவெல்லாம் செருகியிருக்கிறது என்று பார்த்தேன். என் வயர். காற்றுப் பம்பு. தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர். உடம்பு சரியில்லாத மீனுக்கென்று திங்கட்கிழமை வைத்த சின்னத் தொட்டிக்கு இன்னொரு ஹீட்டர். தண்ணீர் குளிர்ந்தால் ஹீட்டர் எரியும், நானும் அதே நேரம் பிராசஸரை விரட்டினால் பெட்டி பாரம் தாங்காமல் விழும், அப்பா எழுப்புவார், கரண்ட் வந்ததும் என் கம்ப்யூட்டரும் எழுந்துகொள்ளும். வெயிலில் ஹீட்டருக்கு வேலையில்லை. அவ்வளவுதான் என் தெய்வம்.

"லோடு அதிகமானா இது கத்தணுமேப்பா?"

"கத்துச்சு. முதல் நாளே திறந்து வாயைக் கட்டிட்டேன்."

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் ஊமையானது இப்படித்தான். லிஃப்ட் மணியை ஆயுசு முழுக்கக் கேட்டவர் அவர்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ மட்டும் சொன்னியா? ரெண்டு வாரமா மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டிருக்கே. மீன் கதையை வேற சொல்லணுமான்னு விட்டுட்டேன்."

சொன்னேன். ஸ்டுடியோ, தேர்வு, கடல், 21ஆம் தேதி எல்லாம். நின்றபடியே கேட்டார்.

"அப்ப மீனை எடுத்துடவா?" என்றார் கடைசியில்.

"மீன் இருக்கட்டும்ப்பா. ஹீட்டரை மட்டும் சுவர் பிளக்ல போடுங்க."

ஜூலை 20

நேற்று கொட்டுகிற மழையில் ஐந்து புள்ளி இரண்டு! இரண்டு மணி நேரம் அசையவில்லை. கணக்குப் பார்த்தேன். இந்த வேகத்தால் ஒரு பகல் வேலையில் மிச்சமாவது முக்கால் மணி நேரம். இதற்காகப் போனது இரண்டு வாரம்.

எதற்கு வம்பு என்று இன்று கம்பெனி வேகத்திலேயே கடலை ஓட்டினேன். "துரோகி," என்று ஜுரம் போனை வைத்துவிட்டான். அப்பா காலையிலிருந்து யூ.பி.எஸ். பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல். "இன்னிக்கு மிக்சி கிடையாது," என்று அம்மாவுக்கு உத்தரவு. மிக்சிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சொன்னால் கேட்கிற நிலையில் அவர் இல்லை.

மாலை நான்கரைக்குக் கடைசி அலை கரை சேர்ந்தது. அனுப்பிவிட்டேன்.

ஜூலை 29

ஸ்டுடியோவிலிருந்து மத்தியானம் பேசினார்கள். ஆறு மாதப் பயிற்சி, சம்பளத்தோடு. அடுத்த மாதம் சேர வேண்டும்.

போனைக் கையில் பிடித்தபடியே கூடத்துக்கு ஓடினேன். அப்பாவுக்கு அந்த ஒரு நிமிடத்தைப் போட்டுக் காட்டினேன். நாள் முழுக்கக் காவல் காத்தவர், அது என்ன என்று ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு, "தண்ணி சரியா வந்திருக்கு. உள்ள ஒரு மீன் விட்டிருக்கலாம்," என்றார். திரும்பப் போடச் சொன்னார். அம்மாவைக் கூப்பிட்டார். வேலையை ஏன் விட்டேன் என்று அம்மா இன்றுதான் கேட்டாள். சொல்லி முடிக்க இருட்டிவிட்டது.

இப்போது இதை எழுத உட்கார்ந்தால், எழுத ஒன்றும் மிச்சமில்லை.