நீங்கள் குடிக்காத ஹர்மல் தண்ணீர்

நானா,

பக்கத்து வீட்டார் மக்காவுக்குப் போய் உம்ரா முடித்து வந்து இன்று ஒரு பை கொடுத்தார்கள். பேரீச்சம்பழம், சின்னப் போத்தலில் ஸம்ஸம் தண்ணீர், அடியில் ஒரு பொட்டலம் ஹர்மல் விதை. கண்ணூறு கழிய நெருப்பில் போட்டுப் புகைக்கிற அதே விதைதான். பொட்டலம் ஓரத்தில் கிழிந்திருந்தது. அந்தக் கசப்பு வாசம் ஏறியதும் குசினியில் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாமசியில் மருந்து எடுத்துக் கொடுத்து நாள் முழுக்க நின்ற கால் வேறு. அழுகை வரவில்லை, அலுப்புத்தான் வந்தது.

நாலந்தா ரோட்டு ஸ்பைஸ் கார்டனில் நீங்கள் எத்தனை பேரை மயக்கியிருப்பீர்கள்! வெள்ளைக்காரர்களை ஜாதிக்காய் மரத்தடியில் உட்கார வைத்து, ஒரு எண்ணெயை முழங்காலில் தேய்த்து, இது வலிக்கு, இது முடிக்கு, இது நித்திரைக்கு என்று அடுக்குவீர்கள். வீட்டுக்கு வந்தால் உங்கள் தலையிடிக்குத் தங்கச்சி என்னிடம் பெனடோல் கேட்பீர்கள். "உங்கட எண்ணெய் எங்க நானா?" என்று கேட்டால், "அது டூரிஸ்ட்டுக்கு, புள்ள" என்று கண்ணடிப்பீர்கள். நானும் மதினியும் சிரித்துச் சிரித்தே களைத்துப்போவோம்.

பிறகு உங்கள் வலது கை ஆடத் தொடங்கியது. பார்க்கின்சன் என்றார்கள். தேய்க்கிற கை ஆடினால் யார் முழங்காலைக் காட்டுவார்கள்? உங்களை டிக்கெட் மேசைக்கு மாற்றினார்கள். உங்களுடைய பேச்சு அன்றோடு குறைந்தது. கைக்கு ஒரு மாத்திரை, மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை என்று டொக்டர் எழுதிக் கொடுத்தார். இரண்டையும் நான்தான் எடுத்துத் தருவேன்.

அந்த மேசையில்தான் ஒரு வெள்ளைக்காரப் பையன் உங்களுக்கு அயாஹுவாஸ்கா பற்றிச் சொல்லியிருக்கிறான். தென் அமெரிக்கக் காட்டில் கொடியை அவித்துக் குடித்து, கனவு போலக் காட்சிகள் கண்டானாம். உங்களுக்குக் காட்சி வேண்டியிருக்கவில்லை. அந்தக் கொடியில் ஹார்மின் என்று ஒன்று இருக்கிறது, நடுக்கத்துக்கு அந்தக் காலத்திலேயே கொடுத்துப் பார்த்தார்கள் என்று அவன் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள். "என்னண்டு பாத்துச் சொல்லு புள்ள" என்றீர்கள்.

பார்த்தேன். பையன் சொன்னது முழுப் பொய்யில்லை. காட்சிகளைக் கொண்டுவருவது கூடச் சேர்த்து அவிக்கிற இன்னொரு இலை. அது வயிற்றில் அழிந்துபோகாமல் காப்பதுதான் ஹார்மினின் வேலை. தனியாகவும் அதற்குச் சில குணங்கள் உண்டு போலிருக்கிறது. ஆய்வுகூடத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களைப் பெருகச் செய்கிறதாம், எலிகளின் சோர்வைக் குறைக்கிறதாம். மனிதருக்கு என்று வரும்போது எல்லாம் "இருக்கலாம்" தான். ஆனால் மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் காய்ச்சலும் நடுக்கமும் பிரஷரும் ஏறி ஆளையே கொண்டுபோய்விடலாம். அதில் மட்டும் "இருக்கலாம்" என்று இழுக்க எதுவும் இல்லை. இதையெல்லாம் உங்களுக்கு விளங்கச் சொன்னேன். தலையாட்டினீர்கள்.

அதே ஹார்மின் ஹர்மல் விதையிலும் உண்டு என்பதை நான் சொல்லவில்லை. அதையும் எங்கேயோ பிடித்துவிட்டீர்கள்.

மதினி போன் பண்ணியபோது பகல் சாப்பாட்டு நேரம். "ஒங்கட நானா உம்ராவுல வந்த ஹர்மல அவிச்சி வச்சிட்டு, ஆறட்டும் எண்டு குந்திட்டு ஈக்காரு. கொஞ்சம் வாங்களேன்." பாமசியை அப்படியே விட்டு ஒரு த்ரீவீல் பிடித்து ஓடி வந்தேன். கோப்பையில் மண்ணிறத் தண்ணீர். நீங்கள் தொழப்போகிறவர் போல வுழூச் செய்து, தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். நான் கோப்பையை எடுத்துச் சிங்கில் ஊற்றினேன்.

"மக்கத்துல இருந்து வந்த சாமான் புள்ள. அது என்ன செய்யும்?"

"எங்க இருந்து வந்தாலும் நீங்க போட்ட மாத்திரைக்கு அது வெளங்காது நானா. இதே விதையில இன்னொண்டும் ஈக்குது. எலிக்கு நடுக்கத்த வரவைக்கவே லெப்ல அதத்தான் ஊசியாக் குத்துறாங்க."

அதற்குச் சிரித்தீர்கள். கோபப்படுவீர்கள் என்று நினைத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"டூரிஸ்ட்டுக்கு நான் சொல்ற மாதிரி எனக்கும் ஒருக்காச் சொல்லேன்" என்றீர்கள்.

மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் முயன்று பார்த்தேன். இந்தப் பொருளைப் பக்குவப்படுத்தி, கெடுதலைக் கழித்து, ஒருநாள் நல்ல மருந்தாக்கிவிடுவார்கள் என்றேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"எனக்கு வந்து சேருமா?"

"இல்ல நானா."

"சரி. டீ ஊத்து" என்றீர்கள். அதற்குப் பிறகு அந்தக் கதையை நீங்கள் எடுக்கவேயில்லை. போன மழைக்கு நெஞ்சில் சளி கட்டி மௌத்தாகும் வரை, நான் தந்த மாத்திரைகளை மட்டும் ஒழுங்காகப் போட்டீர்கள்.

அன்று நான் செய்தது சரி. இன்றைக்கும் அதையேதான் செய்வேன். ஆனால் சரியாக இருந்து இருந்தே களைத்துவிட்டேன் நானா. இப்போதும் ஆட்கள் போனில் எதையாவது காட்டி, "இதுக்குச் சொகமாகுமாமே?" என்று கேட்கிறார்கள். இல்லை என்று சொல்லும்போது அவர்கள் முகம் சுருங்குவதை நான் பார்ப்பதில்லை. மாத்திரை அட்டையை வெட்டுவது போலக் குனிந்துகொள்கிறேன்.

ஹார்மின் பற்றி ஏதாவது வந்தால் இன்னும் வாசிக்கிறேன். ஒருநாள் அது உண்மையிலேயே மருந்தாகி என் பாமசி அலுமாரிக்கு வரலாம். வரட்டும் என்றுதான் துஆக் கேட்கிறேன். ஆனால் உங்களுக்கு இல்லை என்று சொன்னதை இன்னொருவர் கையில் "இந்தாங்க" என்று வைக்கிற தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை.