பாறைப் பொந்துக் குடித்தனக்காரன்

இடுக்கியைக் கையில் எடுத்த பிறகுதான் உன் நினைவு வந்தது. காலையில் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன், கையெல்லாம் கடல்நீர் வாடை. பவளப் பாறையின் இடுக்கில் வெள்ளையாக, கடுகளவில் ஏதோ நெளிந்தது. நேற்றுவரை இல்லாத ஜந்து. என்னவென்று தெரியவில்லை. கை தானாக இடுக்கிக்குப் போய்விட்டது, பழைய குணம்.

சிங்கப்பூரிலிருந்து திரும்புகிறவர்கள் நிலம் வாங்குவார்கள், மாடி எடுப்பார்கள். நீ பட்டுக்கோட்டை வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து, உப்பைக் கரைத்து, கடலைக் குடியேற்றினாய். "உப்பு ஏறினா வயல் செத்துரும்னு ஊரே பயப்படுது, நீ காசு குடுத்து உப்பு வாங்குறியேடா" என்று திட்டினேன். சிரித்தாய். பாறையோடு ஒட்டிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் வந்த பொடி ஜீவன்கள் எவை என்று கண்டுபிடிப்பதுதான் உனக்குப் பொழுது. லென்ஸில் பார்ப்பாய், படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் தேடுவாய். நானும் பக்கத்தில் நாற்காலி போட்டுவிடுவேன்.

ஒரு நாள் நீ ஆசையாக வளர்த்த மஞ்சள் மீனைக் காணோம். பாறைப் பொந்திலிருந்து மயிர் முளைத்த கைகள் இரண்டு நீண்டு துழாவிக்கொண்டிருந்தன. "இந்தப் பயதான் தின்னிருக்கான், பிடுங்கி எறி" என்று இடுக்கியைத் தண்ணீருக்குள் விட்டேன். என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"யாருன்னு விசாரிக்காம வெளியேத்துறதா? உங்கப்பா புத்தி உன்ன விட்டுப் போகுமா!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். எனக்குச் சுருக்கென்றது. குத்தகைச் சட்டமெல்லாம் வந்த பிறகும் உன் அப்பாவை என் அப்பா நிலத்தைவிட்டுக் கிளப்பினார். உன் அப்பா வாய்தா வாய்தாவாகத் தஞ்சாவூர் கோர்ட்டுக்கு அலைந்தார். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த நாம் அதை மட்டும் பேசியதே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் நீயே போன் செய்தாய். "கோவத்த மூட்டை கட்டி வச்சிட்டு வாடா. ஆளு வெளிய வந்துட்டாரு." வந்து பார்த்தால், சட்டைப் பொத்தான் அளவு உடம்பு, ஐந்து மெல்லிய கைகள், நட்சத்திர மீனுக்கு ஒன்றுவிட்ட உறவு. மற்றவை தின்று போட்ட மிச்சம்மீதியைத் தின்று பாறையைச் சுத்தமாக வைத்திருக்குமாம். மஞ்சள் மீன் தானே துள்ளி விழுந்து தொட்டிக்குப் பின்னால் தரையில் காய்ந்து கிடந்தது. "குத்தகைக்காரன்டா இவன். இருக்குற எடத்தத் திருத்திக்கிட்டு இருக்கான்" என்றாய். காபி வந்தது, குடித்தோம்.

உங்கப்பா புத்தி என்று விளையாட்டுக்குச் சொன்னாயா, மனதில் கிடந்ததைச் சொன்னாயா? கேட்கவேண்டும், கேட்கவேண்டும் என்று இருந்தே உன்னைச் சுடுகாட்டில் வைத்துவிட்டு வந்தேன், பாவி.

கருமாதி முடிந்து கிளம்பும்போது உன் மனைவி கூப்பிட்டார். "அண்ணே, தொட்டிய உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு. 'அவன் இப்பல்லாம் விசாரிக்காம யாரையும் வெளியேத்த மாட்டான்'னாரு." வாசலில் நின்று, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அழுதேன்.

இடுக்கியைக் கீழே வைத்துவிட்டேன், உன் லென்ஸ்தான் கையில் இருக்கிறது. கடுகளவுக்காரர் பொந்துக்குள் போய்விட்டார். வரட்டும், உட்கார்ந்திருக்கிறேன்.